சிறிதரன் அண்ணை எழுதிய முறைப்பாடு

நாங்கள் குடியேறிய டண்டினொங் நகரில் சிறிதரன் அண்ணையின் கைப்பேசியை நம்பிப் பதினொரு பேருடைய வங்கிக் கணக்குகள் இருந்தன. வந்திறங்கிய புதிதில் எங்களில் பலரிடம் சொந்த நம்பர் கிடையாது. அவர்தான் வங்கிக்குக் கூட்டிப்போய், படிவம் நிரப்பி, தொலைபேசி எண் கேட்ட இடத்தில் தன்னுடையதைப் போட்டுவிடுவார். பிறகு போன் வாங்கியும் யாரும் அதை மாற்றவில்லை. காசு அனுப்பினால் வங்கியின் ஆறு இலக்கக் கோட் அவருக்குத்தான் போகும். "அண்ணை, கோட் வந்ததோ?" என்று நாங்கள் கேட்டு வாங்குவோம். நானும் நாலு வருடம் அப்படி ஓட்டியவன், ஆகவே யாரையும் முட்டாள் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

அண்ணைக்கு ஐம்பத்தெட்டு வயது. ரொட்டித் தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலை. கல்யாணம் கட்டவில்லை. அவருக்கென்று இருந்த ஒரே பெருமை இங்கிலீஷ். யாருக்குக் கடிதம் தேவைப்பட்டாலும் அவரிடம்தான் போவோம். நாலு பேர் முன்னால் புகழ்ந்துவிட்டால் போதும், மனிதர் தரையில் நிற்கமாட்டார்.

போன மார்ச்சில், வேலையிடத்துத் தேநீர் இடைவேளையில் ஓர் அழைப்பு வந்தது. வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் சொன்னான். எங்கள் பதினொரு பேரில் ஒருத்தியான கமலினியின் கணக்கில் யாரோ கைவைக்கிறார்கள், தடுக்க வேண்டுமென்றால் இப்போது வரும் கோட்டைச் சொல்லுங்கள் என்றான். வார்த்தைக்கு வார்த்தை 'சேர்' போட்டான். எதிரே சூப்பர்வைசர் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். கமலினியிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல அண்ணைக்குக் கௌரவம் இடம் தரவில்லை. அவளுடைய கணக்கைப் பார்ப்பதே தான்தான் என்று சொல்லி, இலக்கங்களை நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

பின்னேரம் கமலினி அழுதுகொண்டு போன் எடுத்தாள். முதியோர் இல்லத்தில் முதுகு முறிய வேலைசெய்து சேர்த்த ஒன்பதாயிரம் டொலரும் போய்விட்டது. அவளுடைய கடவுச்சொல் கள்ளனுக்கு எப்படிக் கிடைத்ததோ, இன்றுவரை தெரியாது.

"அண்ணை, நீங்கள் ஆருக்கும் கோட் சொன்னனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. நான் ஏன் சொல்லப்போறன்?"

அந்த 'இல்லை' யோசிக்காமல் வந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார். சரி, அதை ஒப்புக்கொள்வோம். ஆனால் வங்கிக்கான முறைப்பாட்டை இரண்டு மணி நேரம் இருந்து யோசித்துத்தானே எழுதினார். கோட் எவருக்கும் தெரிவிக்கப்படவில்லை என்று நல்ல இங்கிலீஷில் எழுதிக் கொடுக்க, கமலினி வாசிக்காமலே கையெழுத்து வைத்தாள்.

ஆறு கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. கோட் சரியாகவே பதியப்பட்டிருக்கிறது, உங்கள் பக்கத்திலிருந்துதான் போயிருக்க வேண்டும், பணம் தர இயலாது. கமலினி அந்தக் கடிதத்தோடு அண்ணையின் அறைக்கு வந்தாள்.

"வங்கிக்கு மேல முறைப்பாடு கேக்கிற இடம் ஒண்டு இருக்காம். இன்னொருக்கா எழுதித் தாங்கோ அண்ணை. ஆருக்கும் சொல்லேல்லை எண்டதை வடிவா விளக்கி எழுதுங்கோ."

அண்ணை தாளை எடுத்துத் திகதி போட்டார். எழுதியே விடுவதென்றுதான் இருந்தாராம். அவள் கதிரையில் இருந்தபடி மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனாள்.

"அருந்தவன் உங்களைத்தான் சொன்னவன். அந்த அங்கிள்தான் குடுத்திருப்பார் எண்டு. எனக்கு வந்த கோவத்தில கன்னத்தில ஒண்டு போட்டிட்டன். பத்தொன்பது வயசுப் பெடியன். பையைத் தூக்கிக்கொண்டு சிநேகிதன்ர வீட்டை போயிட்டான். மூண்டு கிழமையாச்சு, நான் எடுத்தா எடுக்கிறான் இல்லை."

அண்ணை பேனையை வைத்தார்.

"அவன் சொன்னது சரி, பிள்ளை. நான்தான் குடுத்தனான்."

அவள் கத்தவில்லை. "அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"வெக்கமாக் கிடந்தது."

கமலினி வங்கிக் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். காசைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு, "அவன்ர நம்பர் உங்களிட்டை இருக்குத்தானே. நீங்களே எடுத்துச் சொல்லுங்கோ" என்றாள்.

அண்ணை எடுத்தார். இரண்டாவது மணியிலேயே பெடியன் எடுத்துவிட்டான்.

"தம்பி, நான் சிறி அங்கிள்..."

மறுமுனையில் அருந்தவனின் குரல் பதறியது.

"அங்கிள், அம்மாவுக்கு ஏதும் நடந்திட்டுதோ?"