கடல் மூடும் பாதை

மின்னஞ்சலை ரிஷானிதான் வாசித்துச் சொன்னாள். 2019ஆம் ஆண்டு, மார்ச் மாதத்துச் சனிக்கிழமை காலை. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் அவர்களின் மூன்றாம் மாடி வீட்டு மேசையில் புட்டும் முட்டைப் பொரியலும் ஆறிக்கொண்டிருந்தன. சிவமலருக்கு ஜெர்மன் வேலைத்தலத்தில் பழகிவிட்டது, ஆங்கிலம் வராது. அதனால் இங்கிலாந்துப் பயணத்தின் எழுத்து வேலையெல்லாம் மகளின் பொறுப்பு.

"மே பதினாலு, காலமை ஒன்பது மணி. கோல்ஃப் விளையாட உங்களுக்கு இடம் இருக்காம், அம்மா," என்றாள் ரிஷானி. "மற்றது, வெளிக்கிட முதல் கடல் நேரத்தைப் பாக்கட்டாம். அண்டைக்குப் பன்னிரண்டு நாப்பதுக்குப் பிறகு றோட்டைக் கடல் மூடிப்போடுமாம்."

"எந்த றோட்டை?"

"தீவுக்குப் போற றோட்டை. ஒரு நாளைக்கு ரெண்டு தரம் தண்ணிக்குக் கீழ போகுமாம். மெகா கூல், என்ன?"

கணவன் விஜிதரன் நகர பஸ் சாரதி. "அப்ப எனக்கு அங்க வேலை இல்லை. வள்ளக்காரனைத்தான் பிடிக்கோணும்," என்று சிரித்தான்.

சிவமலர் தேத்தண்ணி போடுவதாகச் சொல்லிக்கொண்டு எழுந்து குசினிக்குப் போனாள். தேத்தண்ணி ஏற்கெனவே மேசையில் இருந்தது. அவள் போன பிறகுதான் மற்ற இருவரும் அதைக் கவனித்தார்கள்.

சிவமலருக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. அம்பாறை மாவட்டத்தின் கடலோர ஊரான திருக்கோவிலில் இருந்து 1991இல் சுவிஸுக்கு வந்தவள். முதலில் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலைக்கு நின்றாள். பிறகு வின்டர்தூருக்கு வெளியே இருக்கும் ஒரு கோல்ஃப் மைதானத்தின் உணவகத்தில் கோப்பை கழுவினாள். அங்கே ஒரு கோடையில் புல் வெட்டுகிறவர்களுக்கு ஆள் போதவில்லை. தனக்கு மெஷின் ஓடத் தெரியும் என்று அவள் ஒரு பொய் சொன்னாள். சொல்லிவிட்டு, அன்று பின்னேரமே கொட்டகைக்குப் போய் அங்கே புல் வெட்டும் ரெகுலா என்ற பெண்ணிடம் எந்தப் பொத்தான் எதற்கு என்று கேட்டாள். ரெகுலா வாய்விட்டுச் சிரித்தாள். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து இருவரும் கூட்டாளிகள்.

திங்கட்கிழமைப் பின்னேரங்களில் வேலையாட்களும் விளையாடலாம் என்பது அந்த மைதானத்தின் வழக்கம். சிவமலர் 2010இல் முதல் பந்தை அடித்தாள். மூன்று வருடத்தில், மைதானத்தில் இறங்கி ஆட அனுமதிக்கும் பரீட்சையிலும் தேறினாள். கோயிலில் சந்திக்கிற பெண்கள், "கோல்ஃபோ! நீர் என்ன வங்கி முதலாளியோ?" என்று கேட்பார்கள். அவள் பதில் சொல்வதில்லை. அடித்த பந்து ஆகாயத்தில் போய் எங்கோ விழும்வரை யாரும் தன்னிடம் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்பது அவளுக்குப் பிடித்திருந்தது. அதை எப்படிச் சொல்வது?

ஒரு நாள் ரெகுலா பழைய சஞ்சிகை ஒன்றைக் கொண்டுவந்தாள். அதில் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் இருக்கும் ஹெர்ன்ஸி என்ற சிறு தீவு. ஒன்பது குழி மைதானம். புல் வெட்ட மெஷின் இல்லை, செம்மறியாடுகள் மேய்கின்றன. குழியைச் சுற்றியுள்ள கிரீன்களில் மட்டும் ஆடு ஏறாமல் கம்பி கட்டியிருந்தார்கள். காலை ஐந்தரைக்கே மெஷினில் ஏறுகிறவளுக்கு அந்தப் படத்தை விட்டுக் கண்ணெடுக்க முடியவில்லை. ஐம்பதாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று ரிஷானி கேட்டபோது அவள் நகை கேட்கவில்லை, சேலை கேட்கவில்லை. அந்தப் பக்கத்தை எடுத்து வைத்தாள்.

படத்தில் ஆடுகள் இருந்தன. பாதை இருக்கவில்லை.

சிவமலரின் அக்கா கமலாவதி, 2004 மார்கழி இருபத்தாறாம் திகதி காலை, திருக்கோவிலில் கடல் ஏறியபோது வீட்டோடு போனவள். அதன் பிறகு சிவமலர் கடலைப் பார்க்கவில்லை. உறவினர்கள் இத்தாலிக் கடற்கரைக்குக் கூப்பிட்டபோது வேலை என்றாள். 2011இல் ஊருக்குப் போனபோதும் மட்டக்களப்பு நகரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டிலேயே இருந்துவிட்டுத் திரும்பினாள். சூரிச் ஏரியை அவள் பார்ப்பாள். அது இருந்த இடத்திலேயே இருக்கிற தண்ணீர். விஜிதரனுக்கு இதெல்லாம் தெரியும். பதினைந்து வருடத்தில் ஆறியிருக்கும் என்றுதான் அவன் நினைத்தான். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள், அந்த மின்னஞ்சல் வரும்வரை.

விமானச் சீட்டு எடுத்தாயிற்று. மான்செஸ்டரில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, மூன்றரை மணி நேரம் ஓட வேண்டும். இடப்பக்கம் கார் ஓடுவதைப் பற்றி விஜிதரன் கவலைப்படவே இல்லை. "ஊரில இடப்பக்கம்தானே ஓடினனான்," என்றான். ஊரில் அவன் ஓடியது சைக்கிள்.

சிவமலர் யாருக்கும் தெரியாமல் இன்னொரு ஆயத்தம் செய்துகொண்டிருந்தாள். அந்தப் பாதையை நேரடியாகக் காட்டும் கமெரா ஒன்று இணையத்தில் இருந்தது. காலை ஒன்பது மணி இடைவேளையில் மற்றவர்கள் பாணும் சீஸும் சாப்பிட, அவள் கொட்டகைக்குப் பின்னால் நின்று தொலைபேசியில் அதைத் திறப்பாள். சில நாள் பாதை தெரியும். கறுத்து, ஈரமாக, இரண்டு பக்கமும் சேறு. சில நாள் பாதையோரக் கம்பங்கள் மட்டும் தண்ணீரில் நிற்கும். கடல் நேர அட்டவணையை அச்செடுத்து, காற்சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தாள். அட்டவணை ஒரு நாளும் பிழைக்கவில்லை. அது சரியாக இருக்க இருக்க அவளுக்குப் பயம் கூடியது. அக்கா போன அன்றைக்குக் கடல் எந்த அட்டவணைப்படியும் வரவில்லையே.

இரவில் கால் நனைவதுபோல இருந்து எழும்புவாள். சாப்பாடு குறைந்தது. ஏப்ரல் கடைசியில் ஒரு காலை, ஆறாவது கிரீனில் வெட்டும் உயரத்தைச் சரிபார்க்காமல் மெஷினை இறக்கிவிட்டாள். பிளேட் மண்ணைச் சுரண்டியது. திரும்பிப் பார்த்தபோது பச்சைக்கு நடுவே இரண்டு அடி அகலத்தில் நீளமாக ஒரு பழுப்புக் கோடு. அத்தனை வருடத்தில் அவளுக்கு அப்படி நடந்ததில்லை.

ரெகுலா ஓடிவந்தாள். மெஷினை நிறுத்தினாள். "மலர், உனக்கு என்ன நடக்குது?" என்று அவர்களின் ஜெர்மனில் கேட்டாள்.

சிவமலர் பையிலிருந்து அட்டவணையை எடுத்து நீட்டினாள். ரெகுலா அதை விரித்துப் பார்த்தாள், மடிப்புகள் கிழிந்துபோயிருந்தன. பிறகு கேட்டுக் கேட்டு, அக்காவின் கதையைத் தெரிந்துகொண்டாள். ஒன்றாக வேலை செய்த இத்தனை வருடத்தில் அவளுக்கு அது தெரியாது.

"அப்படியென்றால் போகாதே," என்றாள் ரெகுலா. "படத்தைக் காட்டினது என் பிழை. மலையில் எத்தனை மைதானம் இருக்கு!"

அன்று பின்னேரம் அதையே விஜிதரனும் சொன்னான். ரெகுலா அவனுக்குத் தொலைபேசி எடுத்திருந்தாள். "சீட்டைத் தூக்கி எறிவம், மலர். நான் யோசிக்காம விட்டிட்டன்."

"நான் போகாம விட்டா அந்த றோட்டு இல்லாமப் போயிடுமா?" என்று கேட்டாள் சிவமலர். "இப்பயும் ஒவ்வொரு நாளும் பாக்கிறன்தானே. இஞ்ச இருந்தே பயந்து சாகிறன். போவம்."

அவள் குரலில் துணிவு ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் சொன்னதை மாற்றவும் இல்லை.

மே பதினான்காம் திகதி காலை எட்டு மணிக்குச் சிவமலரும் விஜிதரனும் பாதையின் தொடக்கத்தில் நின்றார்கள். எச்சரிக்கைப் பலகையில், தண்ணீருக்குள் மூழ்கிய ஒரு காரின் படம். சிவமலர் அட்டவணையைப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், திரும்பவும் அட்டவணையைப் பார்த்தாள். நாலரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

"போகட்டோ?" என்றான் விஜிதரன்.

"மெதுவாப் போகாதீங்க. ஓடுங்க."

கார் இறங்கியது. யன்னல் மூடியிருந்தும் உப்பு வாசம் உள்ளே வந்தது. அந்த வாசத்தை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. கமெராவில் வாசம் இல்லை. பாதி வழியில், உயரமான மரக்கால்களின் மேல் ஒரு சிறு கொட்டில் நின்றது. தண்ணீரில் அகப்பட்டவர்கள் ஏறி நிற்பதற்கான இடம் அது. ஏறி நிற்க இடம் வைத்திருக்கிறார்கள் என்றால் ஆட்கள் அகப்பட்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கார்ச் சில்லுகள் தீவு மண்ணில் ஏறிய சத்தம் கேட்ட பிறகுதான் திறந்தாள்.

மைதானத்தில் ஒரு மரக்குடில் இருந்தது. அதற்குப் பொறுப்பாகச் சிவப்பு மழையங்கி போட்ட ஒரு பெண் இருந்தாள். ஆடுகள் படத்தில் இருந்ததைவிட அழுக்காக இருந்தன. முதல் அடியில் சிவமலரின் பந்து பத்து மீற்றர் உருண்டு ஒரு ஆட்டுக்குக் கிட்டப் போய் நின்றது. ஆடு நகரவில்லை. விஜிதரன் பையைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தான். ஒவ்வொரு அடிக்கும் முன்பு அவள் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மூன்றாம் குழியில் ஒரு தரம், ஏழாம் நம்பர் அயன் மட்டையில் பந்து சரியாகப் பட்டு உயர்ந்து போனது. அந்த ஒரு நிமிடம் மட்டும் கடலை மறந்திருந்தாள்.

ஏழாம் குழியில் பந்தை உள்ளே தள்ளி முடித்தபோது பனிப்புகார் வந்தது. கடல் பக்கமிருந்து வெள்ளையாக ஏறி, கொடியை மறைத்து, ஆடுகளை மறைத்து, ஐந்து நிமிடத்துக்குள் விஜிதரனின் முகத்தையும் மங்கலாக்கிவிட்டது. பதினொன்று ஐம்பது.

"காணும், மலர். வா, வெளிக்கிடுவம். இன்னும் ஐம்பது நிமிசம் இருக்கு."

காரடிக்கு வந்தார்கள். அவன் கதவைத் திறந்து பிடித்தான். அவள் பாதை இருந்த பக்கம் பார்த்தாள். பாதையும் இல்லை, கம்பமும் இல்லை. வெள்ளைதான் இருந்தது, அதற்குள்ளே எங்கோ தண்ணீர் அசைகிற சத்தம். அவளால் காலைத் தூக்கி உள்ளே வைக்க முடியவில்லை. கார்க் கதவைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது.

"ஏறம்மா. எனக்கு ஓடலாம்."

"எனக்கு ஏலாது. இதுக்குள்ள எனக்கு ஏலாது."

"அப்ப இஞ்ச நிண்டா? சுத்திவரத் தண்ணி வரும்."

"தெரியும்!" அவள் கத்தினாள். கத்திவிட்டு அழுதாள்.

மழையங்கிப் பெண் வெளியே வந்தாள். தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தை வைத்து விஜிதரனுக்கு அவள் சொன்னது விளங்கியது: குடிலில் இருக்கலாம், ஆறு மணிக்குப் பாதை திறக்கும், இந்தக் குடிலுக்கு ஒருநாளும் தண்ணீர் வந்ததில்லை. அதை அவன் தமிழில் சொன்னபோது, ஒருநாளும் வந்ததில்லை என்ற சொல்லில் சிவமலர் கண்ணை மூடினாள். திருக்கோவிலிலும் ஒருநாளும் வந்ததில்லை.

ஆனாலும் இருந்தார்கள். பன்னிரண்டு நாற்பது கடந்தது. அவள் வாங்குப் பலகையில் இரண்டு காலையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு, கதவுக்குக் கீழுள்ள இடைவெளியையே பார்த்தபடி இருந்தாள். விஜிதரன் பக்கத்தில் இருந்து அவள் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு மணிக்குப் புகார் கலைந்தது. சும்மா இருக்க இருக்கப் பயம் கூடுகிறது என்று சொல்லி அவளே எழுந்தாள். எட்டாம் குழியின் தொடக்கம் ஒரு மேட்டில், கரையைப் பார்த்தபடி இருந்தது. அங்கிருந்து பார்த்தார்கள். பாதை போயிருந்தது. மரக்கொட்டில் தண்ணீருக்கு நடுவே தனியாக நின்றது. தண்ணீரோ அலையடிக்கவில்லை. சரிந்த வாளியிலிருந்து தரையில் பரவுவதுபோலச் சத்தமில்லாமல் சேற்றின் மேல் பரவிக்கொண்டிருந்தது.

"இஞ்சருங்க," என்றாள் சிவமலர், தண்ணீரைப் பார்த்தபடியே. "அக்கா அந்த வருசம் ஐப்பசியில போனில கேட்டவ. அக்கரைப்பத்தில, கடலுக்குத் தள்ளி, மாமி வீடு சும்மா கிடக்கு, நான் அங்க போய் இருக்கட்டா எண்டு. நான்தான் வேண்டாமெண்டனான். வீட்டைப் பூட்டிப்போட்டுப் போகாத, நாங்க திரும்பி வந்தா எங்க இருக்கிற எண்டு கேட்டனான்."

விஜிதரன் பையைக் கீழே வைத்தான்.

"ஏன் மலர் எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னா என்ன செய்வீங்க? ஒருத்தருக்கும் சொல்லேல்ல. நான் சொன்னதுக்காகத்தான் அவ அந்த வீட்டில இருந்தவ."

அது உன் பிழையில்லை என்று அவன் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டான் என்பது அவளுக்குத் தெரிந்தது. அதற்காக அவள் பின்னாளில் நன்றியோடு இருந்தாள். இருவரும் புல்லில் இருந்தார்கள். தண்ணீர் கடைசிச் சேற்றையும் மூடியது. பிறகு நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. நாலு மணியளவில், கொட்டிலின் மரக்கால்களில் ஈரக் கோடு ஒன்று தெரிந்தது. தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது.

அவள் எழுந்து எட்டாம் குழியையும் ஒன்பதாம் குழியையும் ஆடி முடித்தாள். மொத்தம் எழுபத்தொரு அடி. வெட்கப்பட வேண்டிய கணக்குத்தான். அதை அட்டையில் எழுதி, மழையங்கிப் பெண்ணிடம் கையெழுத்தும் வாங்கினாள்.

ஆறரைக்கு, மாலை வெயிலில் பாதையைக் கடந்தார்கள். அப்போதும் அவள் நடுங்கிக்கொண்டுதான் இருந்தாள். அக்கரை ஏறியதும் காரை நிறுத்தச் சொல்லி, இறங்கி, வேலியோரமாக ஓங்காளித்துச் சத்தி எடுத்தாள். அதன் பிறகு இன்றுவரை சிவமலர் எந்தக் கடற்கரைக்கும் போகவில்லை. பயம் போய்விட்டது என்று யாரிடமும் சொன்னதும் இல்லை.

மூன்றாம் நாள் சூரிச் விமான நிலையத்தில் ரிஷானி காத்துக்கொண்டிருந்தாள். வின்டர்தூர் ரயிலில் ஏறி இருந்ததும், "எப்பிடி அம்மா?" என்றாள். சிவமலர் மைதானத்தைப் பற்றிச் சொல்லாமல், ஐப்பசி மாதத்துத் தொலைபேசிப் பேச்சைப் பற்றிச் சொன்னாள். விஜிதரனுக்குச் சொன்ன அதே சொற்களில், மெதுவாக.

ரிஷானிக்குப் பெரியம்மா என்றால் சுவாமி அறையில் இருக்கிற ஒரு படம். அவள் அம்மாவின் கையைப் பிடித்தபடி இருந்தாள். எஃப்ரெட்டிகோன் நிலையம் வந்து, கதவுகள் திறந்து மூடி, ரயில் திரும்பவும் வெளிக்கிட்டது.

"அம்மா," என்றாள் பிறகு, "பெரியம்மாவுக்கு என்ன சாப்பாடு விருப்பம்?"

சிவமலர் யோசித்தாள். "கணவாய்க் கறி," என்றாள். "ஆனா அவவுக்கு அதைச் சமைக்கத் தெரியாது. எப்பவும் றப்பர் மாதிரி வரும். நாங்க எல்லாரும் ஒளிச்சுப் போய் நாய்க்கு..."

மிச்சத்தைச் சொல்லி முடிக்குமுன் வின்டர்தூர் வந்துவிட்டது. மேடையில் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு நின்று சொல்லி முடித்தாள்.