அக்கி போனது, எரிச்சல் போகவில்லை

மூன்று வருடங்களுக்கு முன் என் இடுப்பைச் சுற்றி அக்கி வந்தது. ஆஸ்பத்திரி என்ற எண்ணமே வீட்டில் ஒருவருக்கும் வரவில்லை. கோட்டுச்சேரியில் சட்டிபானை செய்கிறவரிடம் கூட்டிப்போய், காவி மண்ணைக் குழைத்து அக்கியின் மேல் மூன்று நாள் எழுதவைத்தார்கள். கொப்புளம் காய்ந்தது.

“எழுதுனோம், போயிடிச்சி” என்று என் நாத்தனார் தெருவெல்லாம் சொல்லி வந்தாள். போனது கொப்புளம். எரிச்சல் அங்கேயே தங்கிவிட்டது. புடவை பட்டாலே மிளகாய் அரைத்துப் பூசினாற்போல இருக்கும். ராத்திரியில் கண்ணை மூட முடியாது. கொஞ்ச நாளில் எதைச் சொல்ல வந்தேன், உப்புப் போட்டேனா என்பதெல்லாம் நழுவ ஆரம்பித்தது.

ஒருநாள் பால் பொங்கி அடுப்பு அணைந்து வீடெல்லாம் கேஸ் வாடை. நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருக்கிறேன்.

“அம்மா, நீ இனிமே அடுப்பத் தொடாத” என்றான் மகன். மறுநாளிலிருந்து மருமகள் வேலைக்குப் போகும்போது சிலிண்டர் ரெகுலேட்டரைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள். எனக்கு பிளாஸ்க் காபி. அதைக் காபி என்று சொல்வதே பாவம்.

நாத்தனார் பார்க்க வந்தாள். முகத்துக்கு நேரே குனிந்து, “என்னயத் தெரியிதா அண்ணி?” என்று கத்தினாள். எதை மறந்தாலும் இவளை மறக்க முடியவில்லையே என்று நினைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

கடைசியில் மகன் காரைக்காலில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான். என்ன கிழமை என்று அவர் கேட்டதும் கூச்சத்தில் எனக்கு நாக்கு எழவில்லை.

“அம்மாவுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லைங்க” என்றான் மகன்.

“நீங்க செத்த வெளில இருங்க” என்று அவனை அனுப்பிவிட்டு, “எங்க வலிக்கிதும்மா?” என்றார். மூன்று வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. இடுப்பைக் காட்டினேன்.

“வலி ஓயாம கூப்புட்டுக்கிட்டே இருந்தா மூளை வேற எதத்தான் கவனிக்கும்? தூக்கமும் இல்ல. மொதல்ல நரம்பு வலிக்கு மருந்து குடுக்குறேன். மறதி நோயான்னு அப்பறம் பாப்போம்.”

மாத்திரையில் எரிச்சல் பாதி குறைந்தது. தூங்கினேன். நழுவியதில் பாதி திரும்பி வந்தது. ரெகுலேட்டர் மட்டும் வரவில்லை.

ஒரு காலையில் மருமகளின் ஸ்கூட்டிக்கு முன்னால் போய்க் கையை நீட்டினேன்.

“என்ன அத்தை வேணும்?”

“ரெகுலேட்டர்.”

என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் எடுத்துக் கொடுத்தாள். “பாத்துங்க அத்தை.”

பால் பொங்கும்வரை அடுப்பைவிட்டு நகராமல் நின்று காபி போட்டேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். அப்படியே குடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், என்ன கிழமை என்று கேட்க வந்துவிடுவார்கள்.