லூச்சியா சொன்ன சேதி

பேய், ஜின் என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். இருபது வருஷமாகத் திருச்சியில் டாக்ஸி ஓட்டுகிறேன், நேரம் கெட்ட நேரத்தில் சுடுகாட்டு ரோட்டிலெல்லாம் போயிருக்கிறேன், ஒரு மண்ணும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

லூச்சியா இத்தாலிக்காரர், பத்திரிகை நிருபர். சொந்த ஊரை விட்டு பெய்ரூட், காபூல், டெல்லி என்று ஒரே பெட்டியோடு முப்பது வருஷம் சுற்றியவர். காவிரி காய்ந்து கிடந்த ஒரு வருஷம் விவசாயிகளைப் பற்றி எழுத வந்தார். என் வண்டியில்தான் ஸ்ரீரங்கம், முசிறி என்று அலைந்தோம். நடுவில் காய்ச்சலில் விழுந்துவிட்டார், ஓட்டலில் தனியாக விட மனசு வராமல் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். என் அம்மா கஞ்சி வைத்துக் கொடுத்துத் தேற்றினார். அம்மாவை விட நாலைந்து வயசுதான் சின்னவர், ஆனாலும் வாய்க்கு வாய் ‘அம்மா’தான். தமிழும் அம்மாவிடமே கற்றுக்கொண்டார், அதனால் சாப்பாட்டைத் தவிர வேறெதுவும் பேசத் தெரியாது!

அவருக்கு ஒரு பழக்கம். சண்டை நடக்கிற ஊரில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்தால், முதலில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பாராம். பிறகு வீட்டு நம்பரை வாங்கி, அவர்கள் அம்மாவுக்கு ஒரு போன் போட்டு, பிள்ளை உயிரோடு இருப்பதைச் சொல்லிவிட்டுத்தான் செய்தி எழுத உட்காருவாராம். அதற்காக ரோமில் இருக்கிற பத்திரிகை ஆசிரியரிடம் அவர் வாங்காத திட்டில்லை. அந்த ஒரு விஷயத்துக்காகவே அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பிறகு ரிட்டயராகி ஊரோடு போய்விட்டார். என் தம்பி ரஃபி வெளிநாட்டில் எலக்ட்ரீஷியன், லூச்சியாவை நேரில் பார்த்ததே இல்லை. திடீரென்று அவன் இருந்த ஊரில் குண்டு விழுந்தது. மூன்று நாளாக போன் இல்லை. அம்மா தொழுகைப் பாயை விட்டு எழவில்லை, பச்சைத் தண்ணீர் கூட இறங்கவில்லை. தம்பியோடு அம்மாவும் போய்விடுவாரோ என்று பயந்து செத்தேன்.

நல்ல வெளிச்சத்தில், சாயங்கால அஸர் தொழுகை முடிந்த நேரத்தில், போன் அடித்தது. லூச்சியா.

“நசீர், ரஃபி இருக்கு. ஸ்கூல் கீழே இருக்கு. இடது கை கட்டு. ரொட்டி சாப்டாச்சு. அம்மாவை சாப்பிட சொல்லு.”

லைன் கட்டாகிவிட்டது. பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, “சோறு போடுடா” என்றார். அவர் சாப்பிடுவதைப் பார்த்து நான் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மறுநாளைக்கு மறுநாள் ரஃபியே பேசினான். பள்ளிக்கூடத்துக்குக் கீழே ஒளிந்திருந்தார்களாம், கண்ணாடி கிழித்து இடது கையில் கட்டாம்.

“ஒரு வெள்ளைக்காரம்மா வந்தாங்கண்ணே. ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் உக்காந்து என்ன சாப்டீங்கன்னு கேட்டாங்க. எங்கிட்ட தமிழ்லயே கேட்டாங்க, நம்ம அம்மா கேக்குற மாதிரியே இருந்துச்சு.”

நன்றி சொல்லலாமென்று லூச்சியாவுக்குப் போன் செய்தால் அவருடைய தங்கைதான் எடுத்தார். இடுப்பில் ஆபரேஷனாம், நான் சொன்ன அந்த நாள் முழுக்க லூச்சியா மயக்கத்தில் கிடந்தாராம், போன் அணைத்து வைத்தபடி தங்கையின் பையில் இருந்ததாம். தேறி வந்த பிறகு லூச்சியாவிடமே கேட்டேன். ஒன்றும் ஞாபகமில்லை என்றார். “ரிட்டயர் ஆனாலும் என்னை விடமாட்டேங்கறாங்க பாரு” என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மாவோடு பேசுகிறார்.

இதோடு முடிந்திருந்தால் நானும் சந்தோஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவேன்.

ஊருக்கு வந்த ரஃபி, காட்டூர் டீக்கடையில் வைத்து மெதுவாகச் சொன்னான். அவனுக்குப் பக்கத்தில் முசிறிக்காரர் ஒருவர் இருந்தாராம், உடம்பில் ஒரு கீறல் இல்லை. லூச்சியா அவரிடம் மட்டும் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவே இல்லையாம், கையை மட்டும் பிடித்துக்கொண்டாராம். அவர் தானாகவே, “எங்க வீட்டுக்கும் ஒரு போன் போடுங்கம்மா” என்றிருக்கிறார்.

“அம்மாகிட்ட நீங்களே பேசு” என்றாராம் லூச்சியா.

“எங்கம்மா செத்து ரெண்டு வருஷமாச்சுங்களே” என்று அவர் சிரித்தாராம். லூச்சியா அவர் கன்னத்தைத் தடவிவிட்டு எழுந்து போய்விட்டாராம்.

மறுநாள் காலையில் தண்ணீர் எடுக்க வெளியே போன முசிறிக்காரர் உயிரோடு திரும்பவில்லை.

இதை நான் லூச்சியாவிடம் இன்னும் சொல்லவில்லை. கேட்டால் அவர் தாங்கமாட்டார்.