உபதேசியாரின் முழுக்கு

பினாங்கில் ஒரு தூறல் விழுந்தால் போதும், உபதேசியார் ஞானாபரணம் வேதபுத்தகத்தைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு கடைகளின் முன்னால் கூரை போட்ட அஞ்சடி நடைபாதைக்குள் ஓடி ஒதுங்கிவிடுவார். கழுத்தில் மப்ளர், காதில் பஞ்சு. "ஈரம் பட்டா நெஞ்சுல சளி கட்டிக்கும்லா அண்ணே, லேசுப்பட்ட ஒடம்பா இது?" என்பார். கொளுத்துகிற வெயிலிலும் வெந்நீர்க் குளியல்தான், அதுவும் சனிக்கிழமை மட்டும்.

இப்படிப்பட்டவர் வாயைத் திறந்தால் தண்ணீரைப் பற்றித்தான் பேசுவார். பாப்டிஸ்டு சபைக்காரர் அல்லவா? குழந்தையின் தலையில் நாலு சொட்டுத் தெளித்துவிட்டு ஞானஸ்நானம் என்று சொல்லும் சபைக்காரர்களைக் கண்டால் விடமாட்டார். "தெளிக்கிறது வாசலுக்கு! மனுசனுக்கு முழுக்குத்தான்!" என்று சந்தையில் நின்று வாதாடுவார். மாட்டுவண்டிக்காரர் அய்யாக்கண்ணுவை இப்படிப் பேசிப் பேசியே முழுகச் சம்மதிக்க வைத்தார்.

அவருக்கு ஒரே ஆசை, போதகர் பட்டம். உபதேசியார் பிரசங்கம் பண்ணலாம், நோயாளிக்கு ஜெபம் பண்ணலாம். முழுக்குக் கொடுக்கவும் கல்யாணம் செய்துவைக்கவும் பட்டம் பெற்றவர் வேண்டும். அந்த நாளுக்கென்று மனைவி சின்னம்மா வெள்ளைச் சேலை ஒன்றை மடித்து வைத்துப் பல வருஷமாகிறது.

போன வாரம் பட்டம் கொடுக்க ரங்கூனிலிருந்து பெரிய போதகர் கப்பலில் வந்தார். சபையார் முன்னிலையில் விசாரணை; நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். கேட்டதற்கெல்லாம் வசனத்தோடு பதில் சொல்லி வெளுத்துக் கட்டினார் நம்மவர். கடைசியாக, பேருக்கு ஒரு கேள்வி: "நீர் முழுக்கு எடுத்தது எந்த ஊரில்?"

ஞானாபரணம் மப்ளரைத் தளர்த்தினார். தஞ்சாவூர்ப் பக்கம் வேறொரு சபையில், கைக்குழந்தையாக இருந்தபோது தெளித்ததோடு சரி. ஊருக்கெல்லாம் உபதேசித்தவரை, நீர் முழுகினீரா என்று இத்தனை காலமும் ஒருவரும் கேட்கவில்லை.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லா ஐயா" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"நாளைக் காலையில் முழுகும், மாலையில் பட்டம். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டார் ரங்கூன்காரர்.

மறுநாள் தஞ்சோங் தோக்கோங் கடற்கரையில் நல்ல மழை மூட்டம். அய்யாக்கண்ணு முதலில் முழுகி, எருமை மாதிரி சிலிர்த்துக்கொண்டு எழுந்தார். "சும்மா வாங்க உபதேசியாரே, வெந்நி மாதிரி இருக்கு!"

ஞானாபரணம் இடுப்பளவு தண்ணீரில் வெடவெடவென்று நடுங்கினார். போதகர் முதுகைத் தாங்கி மல்லாக்கச் சாய்த்தார், தூக்கினார். கரையில் பாட்டு ஆரம்பமாயிற்று. சின்னம்மா துண்டை விரித்துக்கொண்டு ஓடினார். போதகரும் ஆமென் சொல்லிக் கரைப்பக்கம் திரும்பிவிட்டார்.

உபதேசியார் மட்டும் நகரவில்லை. சாய்த்தபோது பயத்தில் மோவாயைத் தூக்கிக்கொண்டது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கன்னத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு போதகரின் அங்கியை எட்டிப் பிடித்து, "ஐயா, மூஞ்சி முழுகல" என்று சொல்லிவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டார்.