நான் ரியாக்டிவ்

எனக்கு வாய் நீளம். என் வீட்டுக்காரரே இதைச் சொல்வார், நானும் மறுத்ததில்லை. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது அந்த வாய்தான் முந்திக்கொண்டது.

மூன்றாம் மாதச் செக்கப்புக்கு ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் எடுக்கிற எச்.ஐ.வி. டெஸ்ட்தான். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கார்டில் விட்டார்கள். இரண்டு கோடு வந்தது. இரண்டு மாதம் முன்னால் கர்ப்பம் பார்க்கிற கார்டில் இரண்டு கோடு பார்த்துத்தான் எங்கள் வீடே சிரித்தது. இந்தக் கோட்டைப் பார்த்ததும் நர்ஸ் அக்கா எழுந்து கதவைச் சாத்தினார்.

"ரியாக்டிவ்னு காட்டுது. ஆனா இது முடிவில்லம்மா. புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரில மறுபடி பாக்கணும். அதுவரைக்கும் மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க."

குழப்பிக்கொள்ளாமல் எப்படி இருப்பது? என் வீட்டுக்காரர் ஆலங்குடியிலிருந்து தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரி டிரைவர். லாரி டிரைவர் என்றால் ஊர் என்ன பேசும் என்பதைக் கேட்டுத்தானே நானும் வளர்ந்தேன். பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே போன் போட்டு, கார்டில் ரியாக்டிவ் என்று வந்ததைச் சொன்னேன். அதே மூச்சில், "எவகிட்ட போனீங்க, உண்மையச் சொல்லுங்க" என்றேன்.

"அப்புடியெல்லாம் எதுவும் இல்ல புள்ள."

நான் நம்பவில்லை. போனை வைத்துவிட்டேன். அதன்பிறகு அவர் எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

மறுநாள் பெரியாஸ்பத்திரி லேப்பில் புதிதாக ரத்தம் எடுத்தார்கள். மூன்று வெவ்வேறு விதமான கார்டில் பார்க்கப்போவதாக லேப் அம்மா சொன்னார். ஒரே கார்டில் மூன்று தடவை பார்த்தால் பத்தாதா என்று கேட்டேன். பார்த்தால் ஒரே தப்பு மூன்று தடவை வரும் என்றார்.

"கிருமி நொழஞ்சா அத எதுக்க ஒடம்பு ரத்தத்துல ஒரு பொருள உண்டாக்கும். கார்டு தேடுறது அதத்தான். மொதக் கார்டு எதையும் விட்டுறக் கூடாதுன்னு செஞ்சது. நெலக்கடல சலிக்கிறப்ப மண்கட்டியும் சல்லடையில நிக்குதுல்ல, அது மாதிரி. மாசமா இருக்கவங்களுக்குச் சில சமயம் சும்மாவே காட்டும். அதான் மத்த ரெண்டையும் வச்சு ஒப்பிட்டுப் பாக்குறோம்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தில், மூத்தவளை யார் வளர்ப்பார்கள் என்பதுவரை யோசித்துவிட்டேன். வயிற்றில் இருந்ததை நினைக்கவே பயமாக இருந்தது.

பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். "மொதக் கார்டுல மட்டும் மங்கலா ஒரு கோடு வந்துச்சு. மத்த ரெண்டும் நான்-ரியாக்டிவ். ஒங்களுக்கு எச்.ஐ.வி. இல்லம்மா."

அங்கேயே அழுதுவிட்டேன். அந்த இங்கிலீஷ் வார்த்தையை இன்னொரு தடவை சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டேன்.

வெளியே வந்து போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். அழுகை இன்னும் நிற்கவில்லை. இருந்தாலும் படித்தவள் மாதிரி, "ரிசல்ட் வந்துருச்சுங்க. நான் ரியாக்டிவ்" என்றேன்.

அந்தப் பக்கம் லாரி இன்ஜினின் உறுமல் நின்றது.

"சரி, அழுவாத. லோட எறக்கிட்டு ஒடனே வாரேன். நானும் டெஸ்ட் எடுக்குறேன். இங்க ஒரு டாக்டர்ட்ட கேட்டுட்டேன், மாத்திர இருக்காம். புள்ளைக்கி வராமப் பாத்துக்கலாமாம். நீ வேளைக்குச் சாப்புடு."

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. நான் இங்கிலீஷில் சொன்ன 'நான்' அவர் காதில் தமிழ் 'நான்' ஆகிவிட்டது.

"ஐயோ, இல்லைன்னு சொல்றேங்க. எனக்கு ஒண்ணுமே இல்ல."

அவர் அழுகிற சத்தம் கேட்டது. கல்யாணமாகி அதுவரை அவர் அழுது நான் கேட்டதில்லை. எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று பைத்தியம்போலச் சிரித்தேன்.

ஆலங்குடி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இரண்டு நாளுக்குப் பிறகு நன்றாகப் பசித்தது. வாங்கி வந்த வாழைப்பழங்களை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே வந்தேன். திருவரங்குளம் தாண்டும்போதுதான் அது மனசில் பட்டது. எனக்கு அந்த வியாதி இருக்கிறது என்று அவர் அரை நிமிஷம் முழுசாக நம்பியிருக்கிறார். அப்போதுகூட, எவன்கிட்ட போன என்று அவர் கேட்கவில்லை.