உம்மா வயலுக்குப் போன நாள்

இன்றைக்கு ஃபேஸ்புக்கில் ஒரு கேள்வி பார்த்தேன். "குடும்பத்தோடு வயலுக்கு பிக்னிக் போன அனுபவம் உண்டா?"

உண்டு. ஒரே ஒரு தடவை!

ஐம்பதுகளில். எனக்கு ஒன்பது வயது. (கூட்டிக் கழித்து என் வயதைக் கண்டுபிடிக்க வேண்டாம், ப்ளீஸ்.)

புரட்டாசி மாதம். மாரி மழை இன்னும் தொடங்கவில்லை. கல்முனைக்குடியிலிருந்து நற்பிட்டிமுனைக்கு மாட்டு வண்டிலில் போனோம். உம்மா, நான், தம்பிமார் இரண்டு பேர். வண்டிலை ஓட்டியது மாமா, உம்மாவின் மூத்த காக்கா, அதாவது அண்ணன்.

வாப்பா மட்டும் இல்லை. கோடைக்குச் சிறுபோகம் விதைத்து ஒரு கிழமைக்குள் மௌத்தாகிவிட்டார். காய்ச்சல், மூன்றே நாள்.

அன்றிலிருந்து உம்மா இத்தா இருந்தார். புருசன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். பிறைக் கணக்கில்.

அந்த வயல் உம்மாவின் சீதனக் காணி. ஆனால் உம்மா அதை ஒரு நாளும் பார்த்ததில்லை! வாப்பா விதைப்பார், அறுப்பார், நெல் வீட்டுக்கு வரும். அவ்வளவுதான்.

இத்தா நாட்களில் மாமா ஒரு கதையைத் தொடங்கினார்.

"பொம்புள, மூணு புள்ளையோட வரம்புல நிப்பியா? வயல என்ட பேருல எழுது. ஒங்களுக்குச் சோத்துக்கு நான் பொறுப்பு."

உம்மா ஒரே பதில்தான் சொன்னார். "இத்தா முடியட்டும் காக்கா. வயலப் பாத்துட்டுச் செல்றன்."

மாமா கெட்டவர் இல்லை. அந்தப் போகம் முழுக்கத் தண்ணீர் கட்டியதும் காவல் இருந்ததும் அவர்தான். ஆனால் அவசரக்காரர். இத்தா நாளை எண்ணியதும் அவரே. "நேத்தோட முடிஞ்சிட்டு, வெளிக்கிடுங்க" என்று வண்டிலைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். சட்டைப் பைக்குள் ஒரு கடதாசி. உம்மா பெருவிரல் வைத்தால் போதும், மற்றதெல்லாம் அவர் பார்த்துக்கொள்வாராம்.

வயலில் அறுவடை முடிந்திருந்தது. கதிர்களையெல்லாம் போராகக் குவித்துச் சூடு வைத்திருந்தார்கள். தம்பிமார் ஏற்கெனவே சூடடித்துப் போட்ட வைக்கோலில் விழுந்து புரண்டார்கள். நானும்தான்! வாடி என்ற காவல் குடிசையில் அடுப்பு மூட்டிக் கருவாட்டு ஆணம் காய்ச்சினோம். அவ்வளவு ருசியாகச் சாப்பிட்டேன். வாப்பா இல்லாமல் இப்படிச் சாப்பிடுகிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

அந்த நேரம் பக்கத்துத் தைக்காவில் தொழுகை நடத்தும் லெப்பை வரம்பால் வந்தார். உம்மா சட்டென்று வாடியின் தென்னோலைக் கிடுகு மறைப்புக்குப் பின்னால் போனார்.

லெப்பை மாமாவிடம் கேட்டார். "தங்கச்சிக்கு இண்டைக்குத்தானே இத்தா கடைசி நாள்? எப்படி வெளிய வந்த?"

"நேத்தோட முடிஞ்சிட்டே!"

"எப்படி முடியும்? போன மாசம் முப்பது நாளெல்லாவா? மேகம் மூடி, இருபத்தொம்பதுல பிறை காணல்லியே!"

மாமாவின் முகம் செத்துப்போனது. இருபத்தொன்பது என்றே எண்ணியிருக்கிறார்!

"யா அல்லாஹ்! புள்ள, ஏறு வண்டில்ல. ஊர் கதைக்கப் போகுது. அதுக்கு முந்தி இதுல விரல மட்டும் வெச்சிடு, திரும்பவும் வரத் தேவல்ல."

அந்தப் பதற்றத்திலும் கடதாசியை எடுத்தார் பாருங்கள்!

கிடுகுக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது. "லெப்பை, இத்தாவுல ஒரு தேவைக்குப் பகல்ல வெளிய வரலாமா?"

"தேவைக்கெண்டா வரலாம். பொழுது படுறதுக்குள்ள ஊட்ட போயிரணும்."

"அப்ப எனக்குத் தேவை இரிக்கி. என்ட காணி எது எண்டு எனக்குத் தெரியா. காக்கா, நடந்து காட்டுங்க."

மாமா கடதாசியோடு நின்றார். உம்மா சொன்னார்:

"அத மடிங்க. ஒங்கட அவசரத்துல என்ட இத்தாவையே ஒரு நாள் கொறச்சிப்போட்டீங்க. காணிய அவசரத்துல தர மாட்டன். மாரிக்கு நான்தான் விதைப்பன். கூலிக்கு ஆள் மட்டும் புடிச்சித் தாங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக உம்மா தன் காக்காவுக்கு மறுப்புச் சொன்னதைக் கேட்டேன்.

லெப்பை போய்விட்டார். மாமா முன்னால் நடந்தார், முந்தானையால் தலையை மூடிக்கொண்டு உம்மா பின்னால். நாலு பக்க வரம்பும் சுற்றினார்கள். வாய்க்கால் பக்கத்து வரம்பு மட்டும் புதிதாக உயர்த்திக் கட்டியிருந்தது.

"இது ஆரு கட்டின?"

"மச்சான்தான்," என்று வாப்பாவைச் சொன்னார் மாமா. "விதைச்ச அண்டைக்கு, தனியாளா நிண்டு."

உம்மா குனிந்து அந்த மண்ணைத் தொட்டார். அவ்வளவு நேரம் தொட்டுக்கொண்டே இருந்தார்.

பொழுது படுவதற்குள் ஊருக்குத் திரும்பினோம். பாதி வழியில் உம்மா அழுதார். வாப்பாவின் மையித்து கிடந்த வீட்டில்கூட சத்தம் போட்டு அழாதவர், வண்டிலே குலுங்க அழுதார்!

"என்ன உம்மா?" என்று பயந்துபோய்க் கேட்டேன்.

"நாலு மாசமா ஆக்கள் வாறதும் போறதும், எனக்கு ஒண்டும் விளங்கல்ல. ஒங்கட வாப்பா மௌத்தான எண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியுது, புள்ள."

முன்னால் மாமா திரும்பிப் பார்க்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அதற்குப் பிறகு அவர் அந்தக் கடதாசிக் கதையை எடுக்கவே இல்லை. மாரிக்கு விதைநெல்லைத் தன் தோளில் சுமந்து வந்ததும் அவர்தான்.

இதை வாசித்தவர்கள் என் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் அல்லாஹ்விடம் ஒரு துஆ கேளுங்கள்.

மாமாவையும் விட்டுவிடாதீர்கள்.