காது மிஷினும் செவ்வாய்க்கிழமையும்

காது மிஷின் விற்கிறவர்களுக்கு முதலில் தேய்ந்துபோவது தொண்டை. உங்கள் வீட்டிலும் காது மந்தமான பெரியவர் ஒருவர் இருந்தால் என் பாடு உங்களுக்குப் புரியும். மிஷினை வாங்கிக் கொடுத்துவிடலாம், அதைப் போட வைப்பதுதான் பெரும்பாடு. காரைக்கால் கடைத்தெருவில் நான் வைத்திருந்த சின்னக் கடையை இப்போது வேறொருவர் எடுத்து நடத்துகிறார். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது இரண்டு பேர்தான்.

ஓடாத மிஷின்

சூசைநாதன் பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார், ஒரே மகன் பிரான்சில். சமைத்து வைத்துவிட்டுப் போக ஓர் அம்மா வருவார், அவ்வளவுதான். மிஷின் வாங்கிப் போனவர் சில வாரங்களில் திரும்பி வந்து, “இது ஓடலைம்மா” என்று மேசைமேல் வைத்தார். பிரித்துப் பார்த்தேன், துடைத்தேன், என் காதிலேயே வைத்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. “நல்லா கேக்குதே சார்” என்று உரக்கச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. மிஷினை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: “கேக்குதும்மா. பேசத்தான் வீட்டுல ஆள் இல்ல. ஃபேன் ஓடற சத்தத்தைக் கேக்கவா இதை மாட்டிக்கிட்டு உக்காரணும்?”

நாத்தும் காத்தும்

அதே நேரத்தில் பக்கத்துக் கிராமமான விழிதியூரிலிருந்து ரத்தினம் வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கும் காது மந்தம். விவசாயி. அவர் மகள் ரவிக்கை தைப்பவள். தைத்த துணிகளைக் கொடுக்கச் செவ்வாய்க்கிழமைதோறும் டவுனுக்கு வருவாள். அன்று அப்பாவை மிஷின் வாங்க என் கடையில் விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

பக்கத்தில் இருந்த வாத்தியாரிடம் ரத்தினம் பேச்சுக் கொடுத்தார். “இந்த வருஷம் நாத்து நல்லா வந்திருக்குங்க.”

“காத்தா? காலையிலேருந்தே அடிக்குதே” என்றார் வாத்தியார்.

“மருந்து இன்னும் அடிக்கலைங்க, இப்பத்தான் உரம் போட்டிருக்கு.”

“மரமா? எந்தத் தெருவுல விழுந்துது?”

கடையில் எனக்கு உதவியாக இருந்த மும்தாஜ் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். நான் எழுந்து போய்ச் சரிசெய்யலாமா என்று யோசிப்பதற்குள் வாத்தியார் சட்டைப்பையிலிருந்து மிஷினை எடுத்துத் தானே காதில் மாட்டிக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார்: “கொஞ்சம் சத்தத்தைக் கூட்டி வையும்மா, இவரு என்னமோ சொல்றாரு.”

பேட்டரி

அடுத்த செவ்வாயும் இருவரும் வந்தார்கள், பேட்டரி வாங்க. அதற்கடுத்த செவ்வாயும் பேட்டரிதான். கடையில் மூன்று பேர்தான் உட்காரலாம். மற்ற வாடிக்கையாளர்கள் நிற்க, இவர்கள் உட்கார்ந்து மத்தி மீன் குழம்புக்கு மாங்காய் போடலாமா கூடாதா என்று வாதம் செய்வார்கள். பொறுக்க முடியாமல் ஒருநாள், “பீச்சுப் பக்கம் போய் நடந்துக்கிட்டே பேசுங்களேன்” என்றேன். கோபித்துக்கொள்வார்களோ என்று பயந்தேன். கிளம்பியே போய்விட்டார்கள். முன்பு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்த வாத்தியார், இப்போது ரத்தினத்தின் தோளில் கை போட்டுக்கொண்டு அரசலாற்று முகத்துவாரம் வரை நடந்துவிட்டு வருவார்.

மும்தாஜ் சொன்னாள்: “போன வாரம் வாங்கின பேட்டரி அட்டை பிரிக்காமலே அவங்க பையில கெடக்குக்கா.”

வராத செவ்வாய்

ஒரு செவ்வாய் ரத்தினம் வரவில்லை. மகளும் வரவில்லை, போனை எடுக்கவும் இல்லை. வாத்தியார் மத்தியானம் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “எனக்கு ஒரு ஆட்டோ புடிச்சுக் குடும்மா” என்றார். அவரைத் தனியே அனுப்ப மனம் வராமல், கடையை மும்தாஜிடம் விட்டுவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். விழிதியூரில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம்.

ரத்தினம் வரப்பில் வழுக்கி விழுந்து, கால் எலும்பு முறிந்து, கட்டோடு கட்டிலில் படுத்திருந்தார். மிஷின் அலமாரியில் கிடந்தது. “நாலு நாளா கஞ்சியைத் தவிர எதுவும் தொடலை. யாருகிட்டயும் வாயத் தொறக்கலை” என்று மகள் கண்ணைத் துடைத்தாள். வாத்தியார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மிஷினை வாங்கி, ரத்தினத்தின் காதில் மெதுவாகப் பொருத்தினார்.

“கேக்குதாய்யா?”

ரத்தினம் தலையாட்டினார்.

“கால் சரியாகற வரைக்கும் செவ்வாய்க்கிழமை நான் இங்க வந்துடறேன்.”

ரத்தினம் மகள் பக்கம் திரும்பினார்: “வாத்தியாருக்குச் சோறு போடும்மா. எனக்கும் போடு.”

மகன் வந்தபோது

ரத்தினத்தின் கால் தேறிவிட்டது. கொஞ்சம் சாய்ந்து நடந்தார், ஆனால் நடந்தார். அந்தச் சமயத்தில் வாத்தியாரின் மகன் பிரான்சிலிருந்து வந்தார். அப்பாவைப் புதுச்சேரியில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட ஏற்பாடெல்லாம் செய்திருந்தார். நல்ல பிள்ளைதான், தனியாக இருக்கிறாரே என்ற கவலை. ஆனால் வாத்தியார் அசையவில்லை. மகன் என் கடைக்கு வந்து ஆற்றாமையோடு கேட்டார்: “எப்பக் கூப்பிட்டாலும் செவ்வாய்க்கிழமை வேலை இருக்குங்கிறாரு. ரிட்டயர் ஆன மனுஷனுக்கு அப்படி என்னக்கா வேலை?”

அதன்பின் யார் மிஷின் கேட்டு வந்தாலும், இதைப் போட்டுக்கொண்டு யாரோடு பேசப்போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் விற்றேன். வியாபாரம் கொஞ்சம் குறைந்தது, ‘ஓடவில்லை’ என்று திரும்பி வந்த மிஷின்களும் குறைந்தன.